பூமியிடம் எதிரொலி கேட்டவர்

குட்டீஸ், கிணற்றுக்குள் தலையை நீட்டி ஓவென்று கத்தியிருக்கிறீர்களா? உங்கள் குரலே திரும்பி வந்து உங்களைக் கூப்பிடும். இதே வித்தையைப் பூமியிடம் காட்டி, அதன் வயிற்றுக்குள் இருப்பதைப் படமாக வரைந்தவர்தான் ஜான் கிளாரன்ஸ் கார்ச்சர்.

1894-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். பிறகு அவரது குடும்பம் ஒக்லஹாமாவில் குடியேறியது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்து, 1916-ல் பட்டம் பெற்றார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் கார்ச்சரும் சேர்ந்தார். வெடி வெடித்தால் அதிர்வு காற்றில் மட்டுமல்ல, தரை வழியாகவும் ஓடுகிறதே! பூமிக்குள் போகும் அதிர்வு, பாறையில் மோதித் திரும்பி வந்தால்? இந்த எண்ணம் அவரை விடவில்லை.

ஒரு கணக்குப் போடுவோமா? அதிர்வு விநாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு விநாடியில் எதிரொலி வந்துவிட்டது. பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? 3,000 என்று சொன்னால் தப்பு! போகவும் வரவும் சேர்த்துத்தான் ஒரு விநாடி. ஆகவே 1,500 மீட்டர்.

அந்தக் காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது பெரும்பாலும் சூதாட்டம் மாதிரி. பெரும்பணம் செலவழித்துத் துளை போடுவார்கள். பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும்.

1921 ஜூன் மாதம், தன் பேராசிரியர் ஹேஸ்மன் முதலியோருடன் ஒக்லஹாமா சிட்டி அருகே வெடி வைத்துச் சோதித்தார் கார்ச்சர். ஆகஸ்டில் ஆர்பக்கிள் மலைப் பகுதிக்குப் போனார்கள். ஏன் அங்கே? அங்கே பாறை அடுக்குகள் வெளியிலேயே தெரியும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்த்து, கணக்கைச் சரிபார்ப்பீர்களே, அப்படித்தான்! விடை பொருந்தியது.

ஆனால் அந்த நேரம் பார்த்து எண்ணெய் விலை படுவீழ்ச்சி அடைந்தது. புது முறைக்குப் பணம் போட ஆளில்லை. அவர்கள் தொடங்கிய சின்ன நிறுவனம் படுத்துவிட்டது. கார்ச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்!

1925-ல் டிகோலியர் என்ற புவியியல் அறிஞர் அவரைத் தேடி அழைத்தார். புது நிறுவனம், நல்ல கருவிகள். 1928-ல் ஒக்லஹாமாவில் எதிரொலிப் படத்தை நம்பிக் கிணறு தோண்டினார்கள். படம் காட்டிய சுண்ணாம்புப் பாறை நிஜமாகவே அங்கே இருந்தது!

இயற்கை எரிவாயு தேடுவதற்கும் இன்று இதே முறைதான். கவிழ்த்து வைத்த கிண்ணம் போலப் பாறை வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். தண்ணீரைவிட எண்ணெய் லேசானது, எண்ணெயைவிட வாயு லேசானது. அதனால் மேலே ஏறும் வாயு, கிண்ணத்தின் உச்சியில் மாட்டிக்கொள்ளும். தப்பிக்க விடாமல் மேலே ஒரு மூடிப் பாறையும் வேண்டும். இத்தனையும் இருந்தாலும் கிண்ணத்துக்குள் தண்ணீர் மட்டுமே இருக்கலாம். வாயு இருந்தால் சில சமயம் எதிரொலி பளிச்சென்று வலுவாக வரும். அதையும் முழுக்க நம்ப முடியாது. அது சில சமயம் ஏமாற்றிவிடும். கடைசியில் துளை போட்டால்தான் உண்மை தெரியும். இன்று கணினியில் முப்பரிமாணப் படம் வரைகிறார்கள். அப்படியும் வெறும் கிணறுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

1930-ல் மெக்டெர்மட் என்பவருடன் சேர்ந்து டல்லாஸ் நகரில் சொந்த நிறுவனம் தொடங்கினார் கார்ச்சர். 1941 டிசம்பர் 6-ஆம் தேதி, மெக்டெர்மட் உள்ளிட்ட நான்கு பேர் அதை வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே ஜப்பான் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது! அந்த நிறுவனம்தான் வளர்ந்து, 1951-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று பெயர் மாறியது. ஆமாம், கால்குலேட்டரில் பார்த்திருப்பீர்களே, அதே பெயர்தான்!

கார்ச்சர் 1978-ல், தமது 84-ஆம் வயதில் காலமானார்.