மூன்று நாடுகளுக்கு ஆடியவர்

1949-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஹங்கேரி எல்லையை நோக்கி ஒரு லாரி விரைந்தது. உள்ளே ரஷிய சிப்பாய் வேடத்தில் 21 வயது வாலிபர் ஒருவர் இருந்தார். பிடிபட்டால் சிறைதான்! அவர்தான் கால்பந்து வீரர் குபாலா.

1927-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். செக்கோஸ்லோவாகியாவுக்கும், பிறகு ஹங்கேரிக்கும் ஆடியவர். கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்து தப்பி இத்தாலி சேர்ந்தார்.

அங்கு டொரினோ குழுவினர், போர்ச்சுக்கல் சென்று தங்களுடன் ஆட அவரை அழைத்தார்கள். மகனுக்கு உடம்பு சரியில்லை. குபாலா போகவில்லை. மே 4-ந் தேதி அக்குழு திரும்பிய விமானம் சூப்பர்கா குன்றில் மோதியது. 31 பேரும் மாண்டார்கள்!

அனுமதியின்றி நாட்டை விட்டு வந்ததற்காக குபாலாவுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. தம்மைப்போல் ஓடிவந்த அகதிகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். 1950-ல் ஸ்பெயின் சென்று ஆடினார். ஆட்டத்தைக் கண்ட பார்சிலோனா கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

தடை நீங்கியது. 1952-ல் ஒரே ஆட்டத்தில் 7 கோல் போட்டார்! ஸ்பெயின் தேசியக் குழுவிலும் இடம் பெற்றார். அவர் ஆட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதவில்லை. 1957-ல் கழகம் பெரிய மைதானம் திறந்தது.

2002-ல் பார்சிலோனாவிலேயே காலமானார். 2009-ல் அந்த மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். அகதியாக வந்தவரை அந்த ஊர் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது.