சேர் பொன். இராமநாதன்: இரண்டு அச்சங்கள்

1851இல் கொழும்பில் பிறந்த பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபை உறுப்பினர், சொலிசிட்டர் ஜெனரல் எனப் பெரும் பதவிகளை வகித்தவர். 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்தில் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். கராவ சாதிச் சிங்களவர் ஒருவர் உயர்வதைவிட வேளாளத் தமிழர் வெல்லட்டும் எனக் கொவிகம மேட்டுக்குடியினர் பலர் அவரை ஆதரித்தனர்.

1915 கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட சிங்களவருக்காக இலண்டனில் வாதாடினார். திரும்பியபோது அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்துச் சென்றனர்.

டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அவரே கடுமையாக எதிர்த்தார். பெரும்பான்மையினர் தமிழரை அமிழ்த்திவிடுவர் என்பது ஓர் அச்சம். அது வீணானதல்ல என்பதை நாம் பட்டு அறிந்தோம். ஒடுக்கப்பட்ட சாதியினர் கைக்கும் வாக்குப் போய்விடும் என்பது மற்றைய அச்சம். 1930 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே சர்வசன வாக்குரிமையின்படி தேர்தல் நடந்தது.

முதல் அச்சத்தை மேடைகளில் நினைவுகூருகிறோம். இரண்டாவதைப் பேசுவதில்லை. முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்ற நாம், ஊர் திரும்பியதும் தேர்வடத்தை யார் தொடலாம் என்று கேட்கிறோம். அவரது அந்த அச்சம் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.