பிள்ளைகளை நீதிபதிகளாக்கிய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்

பகடிவதை பற்றிப் புகார் வந்தால் பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தவறு செய்தவனைத் தண்டிப்பார்கள். இல்லாவிட்டால், பிள்ளைகளுக்குள் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழியை நடத்திக் காட்டியவர் போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்.

வார்சா நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். அவருக்கு ஐந்து வயதானபோது, ஆசையாக வளர்த்த கேனரிப் பறவை இறந்துபோனது. அதைப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட நினைத்தார். அவரும் யூதர், அவருடைய பறவையும் யூதப் பறவை, அதனால் சிலுவை கூடாது என்று கட்டடக் காவலாளியின் மகன் தடுத்துவிட்டான். தாம் மற்றவர்களிலிருந்து ஒதுக்கப்பட்டவர் என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார்.

வழக்கறிஞரான தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டு 1896ஆம் ஆண்டு இறந்தார். மாணவரான கோர்ச்சாக் பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவினார். பின்னர் குழந்தை மருத்துவராகிப் பெயர் பெற்றார். உடல் நோயைத் தீர்த்தால் மட்டும் போதாது என்று எண்ணிய அவர், 1912ஆம் ஆண்டு வார்சாவின் குரோக்மால்னா தெருவில் தொடங்கிய ஆதரவற்ற யூதப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா அவருக்குத் துணை நின்றார். சுமார் 100 பிள்ளைகள் அங்கு வளர்ந்தார்கள்.

வறுமையிலும் அடிதடியிலும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வலியவன் எளியவனை மிரட்டுவது இயல்பாகவே நடந்தது. புதிதாக வரும் பிள்ளை தனித்துப் போகாமலிருக்க, மூத்த பிள்ளை ஒருவர் மூன்று மாதம் பாதுகாவலராக இருக்கும் முறையைக் கோர்ச்சாக் கொண்டுவந்தார். சண்டைக்காரப் பிள்ளைகளோடு பந்தயமும் கட்டினார். வரும் வாரம் எத்தனை சண்டையோடு நிறுத்திக்கொள்வேன் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். சொன்னபடி நடந்தால் மிட்டாய் கிடைக்கும். கோபத்தை ஒரே நாளில் விடச் சொல்லாமல், படிப்படியாக அடக்கப் பழக்கியது இந்த ஏற்பாடு.

இவற்றையெல்லாம் விடப் பெரியது பிள்ளைகள் நீதிமன்றம். கேலி செய்தவர் மீதும் அடித்தவர் மீதும் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம். அந்த வாரம் தம்மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தின் முதல் 99 பிரிவுகள் வழக்கைக் கைவிடுவதையும் மன்னிப்பதையும் பற்றியவை. 100ஆம் பிரிவில்தான் குற்றம் உறுதியாகும். கடைசியான 1000ஆம் பிரிவு இல்லத்தை விட்டு வெளியேற்றுவது. அடியும் பட்டினியும் அதில் இல்லை.

பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான். ஒரு சிறுவனின் காதில் அறைந்ததற்காகவும், ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்ததற்காகவும் கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். அரை ஆண்டில் இப்படி ஐந்து முறை. தொடக்கத்தில் நீதிமன்றத்தைப் பிள்ளைகள் ஏளனம் செய்தார்கள். அவரும் அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, விதிகளைத் திருத்தி, மீண்டும் நடத்தினார். எளிய பிள்ளைக்கு முறையிட ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1926ஆம் ஆண்டு பிள்ளைகளே எழுதும் நாளிதழ் இணைப்பு ஒன்றையும் தொடங்கினார். நாஜிகள் போலந்தைக் கைப்பற்றிய பின், 1940இல் இல்லம் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் மாற வேண்டியதாயிற்று. தப்பிச் செல்லக் கிடைத்த வாய்ப்புகளைக் கோர்ச்சாக் மறுத்தார். 1942 ஆகஸ்ட்டில் ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு அவரும் ஸ்டெஃபானியாவும் திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

பிள்ளைகளின் உரிமைக்கு உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் முன்மொழிந்தது அவர் பிறந்த போலந்துதான். 1989இல் அது நிறைவேறியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995ஆம் ஆண்டு அதில் இணைந்தன. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அந்த ஒப்பந்தம் பிள்ளைகளுக்குத் தருகிறது. குரோக்மால்னா தெருப் பிள்ளைகள் அந்த உரிமையை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தார்கள்.