கூரை மேல் ஓர் இசையமைப்பாளர்

தீயணைப்பு வீரர்னு சொன்னதும் உங்களுக்கு சிவப்பு வண்டியும் சைரனும்தானே ஞாபகம் வரும்? ஆனா 1942 ஜூலையில் டைம் பத்திரிகை அட்டையில் தீயணைப்பு ஹெல்மெட்டோடு வந்தவர், தடிமனான கண்ணாடி போட்ட ஓர் இசையமைப்பாளர். பெயர் டிமிட்ரி ஷோஸ்டகோவிச்.

1906-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 19 வயசுல அரங்கேறிய முதல் சிம்பொனியே அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 1936-ல் அவருடைய ஓபராவை ஸ்டாலின் பார்த்தார், பிடிக்கல. சில நாளிலேயே பிராவ்தா நாளிதழ் அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டது. எப்போ கைது செய்வாங்களோன்னு பயந்தே வாழ்ந்தார்.

1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்தது. அவருடைய ஊருக்கு அப்போ லெனின்கிராடுன்னு பெயர். ராணுவத்தில் சேரப் போனவரை, கண்பார்வை போதாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் சும்மா இருக்கல. தான் பாடம் நடத்திய இசைக் கல்லூரியின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தார். கூரை மேல காவல் வேலை.

கூரை மேல எதுக்கு? ஜெர்மன் தீக்குண்டு ஒண்ணு வெறும் 1 கிலோதான். உடம்பு மெக்னீசியம் கலவை, உள்ளே தெர்மைட். செப்டம்பர் 8 அன்னைக்கு மட்டும் 6,000-க்கு மேல் விழுந்தது. எத்தனை வண்டி இருந்தாலும் அத்தனை இடத்துக்கும் ஓட முடியுமா? எரியும் மெக்னீசியத்தில் தண்ணி தெளிச்சா ஹைட்ரஜன் வந்து இன்னும் சீறும். அதனால, விழுந்த உடனே இடுக்கியால் தூக்கி மணலில் போட ஆள் வேணும். கூரைக்கு அடியிலிருந்த மரச்சட்டங்களுக்கு சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கரைச்சுப் பூசினாங்க, சட்டுனு தீப்பிடிக்காது.

அவரைத் திட்டின அதே அரசு, இப்போ அவருடைய ஹெல்மெட் படத்தை உலகமெங்கும் பிரசாரத்துக்கு அனுப்பியது.

அந்த நாட்களில்தான் ஏழாவது சிம்பொனியை எழுத ஆரம்பித்தார். அக்டோபரில் அவரை ஊரைவிட்டு வெளியேற்றினாங்க. டிசம்பரில் எழுதி முடித்தார். 1942 ஆகஸ்ட் 9 அன்று, முற்றுகைக்குள் பட்டினியில் மெலிந்த கலைஞர்கள் அதை லெனின்கிராடிலேயே வாசித்தார்கள். ஒலிபெருக்கி வழியா எதிரி முகாம் வரைக்கும் கேட்டது.

போர் முடிஞ்சது. 1948-ல் அரசு மறுபடி அவரைக் கண்டித்தது; பேராசிரியர் வேலையும் போச்சு. ஸ்டாலின் இறந்து 22 வருஷம் கழித்து, 1975-ல் மறைந்தார். அதுவும் ஆகஸ்ட் 9-தான்.

உங்க லேப் வாசலில் சிவப்பு மணல் வாளி தொங்கினா, அதில் குப்பை போடாதீங்க. ஒரு நகரத்தையே காப்பாத்தின மணல் அது.