சாரா சிடன்ஸ் அம்மையார்

ஆங்கில நாடக மேடையில் அவலச்சுவை நடிப்பிற்கு அரசியென விளங்கியவர் சாரா சிடன்ஸ் அம்மையார். இவர் 1755ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில், ஊர்தோறும் சென்று நாடகம் நடத்தும் குடும்பத்தில் பிறந்தார்.

1775இல் இலண்டன் மாநகரின் துரூரி லேன் அரங்கில் முதன்முறை தோன்றினார். அச்சத்தால் குரல் தளர்ந்தது, அவையோர் மகிழ்ந்திலர். மறு ஆண்டே அரங்கத்தார் அவரை விலக்கினர். அம்மையார் மனம் வருந்தினார். ஆயினும் மேடையைத் துறந்தாரில்லை. யார்க், பாத் முதலிய நகரங்களில் ஆறாண்டுகள் அயராது நடித்துத் தம் கலையை வளர்த்தார்.

1782இல் அதே அரங்கிற்கு மீண்டு, துயருற்ற பெண்ணொருத்தியாக நடித்தார். கண்டோர் கண்ணீர் உகுத்தனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மாக்பெத்தின் மனைவியாக நடித்து அழியாப் புகழெய்தினார்.

1812இல் இலண்டனில் விடைபெற்ற நாளன்று, அப்பெண் உறக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும், அவையோர் எஞ்சிய நாடகத்தைக் காண மறுத்தனர். ஒருகால் அவரை வேண்டாவென விடுத்த நகரம், பின்னர் அவரைப் பிரிய மனமின்றி நின்றது!