பட்டுக்கடை வைத்திருந்த இமாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய நமது ஊர்களில் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். தொழுகையில் தொப்புளுக்குக் கீழே கை கட்டுகிறோம். ஆமீனை மெதுவாகச் சொல்லுகிறோம். ஏனென்று பிள்ளைகள் கேட்டால், இமாம் அஃலம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த இமாம் அவர்கள் நம்மைப் போலவே சரக்கு வாங்கி விற்று, கணக்குப் பார்த்து, கூட்டாளியோடு தொழில் நடத்திய வியாபாரி என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தோல் ஷாப்புகளும் மண்டிகளும் நிறைந்த நமது பகுதியில் அன்னாரின் வரலாற்றை அந்தக் கோணத்தில் சற்றுப் பார்ப்பது பொருத்தமென நாம் கருதினோம்.

ஹிஜ்ரி 80-ம் ஆண்டு, அதாவது கி.பி. 699-ல், இராக்கிலுள்ள கூஃபா நகரில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான், தந்தை பெயர் தாபித். குடும்பத் தொழில் பட்டு வியாபாரம். வாலிப வயதில் அவர்களுடைய கவனமெல்லாம் கடைத்தெருவின் மீதே இருந்தது. ஒருநாள் வழியில் கண்ட இமாம் ஷஃபீ அவர்கள், எங்கே போகிறாய் என்று விசாரித்தார்கள். கடைத்தெருவுக்கு என்று பதில் வந்தது. அதைக் கேட்கவில்லை, எந்த ஆலிமிடம் போகிறாய் என்று கேட்கிறேன் என்றார்கள் பெரியவர். யாரிடமும் போவதில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. இந்தக் கூர்மையான அறிவை வீணாக்காதே என்று அவர்கள் சொன்ன சொல் இளைஞரின் உள்ளத்தில் தைத்துவிட்டது.

அதற்காகக் கடையை அவர்கள் மூடிவிடவில்லை. வியாபாரத்தைக் கூட்டாளிகள் மூலம் நடத்திக்கொண்டே ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். இடையிலே ஒரு சோதனை. பத்து ஆண்டுகள் கழிந்ததும், இனி நாமே தனியாக ஒரு மஜ்லிஸ் நடத்தலாமே என்ற ஆசை அவர்களுக்கு வந்தது. அவ்வேளையில் உறவினர் ஒருவரின் வாரிசுச் சொத்து விஷயமாக ஆசிரியர் பஸராவுக்குப் போக நேர்ந்தது. மாணவரைத் தம் இடத்தில் அமர்த்திவிட்டு அவர்கள் சென்றார்கள். திரும்பிவர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் முன்பு கேட்டிராத அறுபது மஸ்அலாக்கள் வந்திருந்தன. அத்தனைக்கும் விடை கொடுத்த மாணவர் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்து ஆசிரியரிடம் காட்டினார்கள். நாற்பதை ஆசிரியர் ஒப்புக்கொண்டார்கள், இருபதில் மாறுபட்டார்கள். அன்றோடு தனி மஜ்லிஸ் ஆசை ஒழிந்தது. ஹிஜ்ரி 120-ல் ஆசிரியர் வபாத்தாகும் வரை அந்தக் காலடியை விட்டு அவர்கள் நகரவில்லை. தம் மகனுக்கு ஹம்மாத் என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த எழுதி வைக்கும் வழக்கத்தில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு மாதத்து விடைகளை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இருபது பிழைகளும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நம் வியாபாரிகள் வரவு செலவை எழுதுகிறார்கள். எடுத்த முடிவுகளை எழுதுவதில்லை. பிற்காலத்தில் தாமே ஆசிரியராக அமர்ந்தபோதும் இமாம் அவர்களின் முறை மாறவில்லை. ஒரு மஸ்அலாவை மாணவர் முன் வைத்து எல்லோரையும் பேசவிடுவார்கள். சில வேளை விவாதம் பல நாட்கள் நீளும். முடிவான பின்னரே அது பதிவாகும். தாம் சொல்வதையெல்லாம் உடனுக்குடன் எழுதிவிடாதே, இன்று ஒன்று தோன்றும், நாளை அதை விட்டுவிடுவேன் என்று மாணவர் அபூயூசுஃப் அவர்களை எச்சரித்தும் இருக்கிறார்கள்.

இனிக் கடைக்கு வருவோம்.

ஹஃப்ஸ் என்ற கூட்டாளிக்கு ஒருமுறை சரக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு துணியில் குறை இருந்தது. விற்கும்போது இந்தக் குறையைக் காட்டி விற்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்து போனார். சரக்கு முழுதும் நல்ல விலைக்கு விற்றுவிட்டது. வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி கேட்ட இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள். முப்பதாயிரம் திர்ஹம் என்று வரலாற்றில் காண்கிறோம். குறை ஒரு துணியில். கொடுத்ததோ மொத்தக் கிரயத்தையும்!

தோல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சம்பவத்தின் கனம் தனியாக விளங்கும். கத்திவெட்டு, உண்ணிக்கடி, அம்மைத் தழும்பு, சூட்டுக்குறி என்று ஒரு தோலில் எத்தனை குறைகள் இருக்கக்கூடும்! ரகம் பிரிப்பவரின் கண்ணும் நாணயமும்தான் இந்தத் தொழிலின் உயிர். நாம் சிறுவயதில் ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனபோது, கட்டின் மேலே முதல்தரத் தோலும் நடுவே மூன்றாந்தரமுமாக அடுக்குவதைக் கண்டதுண்டு. பச்சைத்தோலில் எடை ஏறட்டும் என்று உப்பை அள்ளிப் போடுவதையும் கண்டதுண்டு. அதைச் செய்தவர் ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்பவர்தாம். அன்று நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் ஒரு பெண்மணி பட்டுத்துணி ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். நூறு திர்ஹம் கேட்டார். இதன் மதிப்பு அதைவிட அதிகம் என்றார்கள் இமாம் அவர்கள். அவர் நூறு நூறாக நானூறு வரை ஏற்றினார். அதற்கும் மேலே பெறும் என்றார்கள். தம்மைக் கேலி செய்வதாக அப்பெண்மணி நினைத்துவிட்டார். விலை தெரிந்த ஒருவரை அழைத்துவரச் சொல்லி, அவர் மதித்தபடி ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டார்கள். விலை அறியாதவரிடம் மலிவாக வாங்குவதைச் சாமர்த்தியம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதை இந்தக் கடையில் காணவில்லை.

கடையில் பேசும்போது அல்லாஹ்வின் மீது ஆணையாக என்று வாயில் வருவது வியாபாரிகளுக்கு இயல்பு. அந்தப் பழக்கத்தை விடுவதற்கு இமாம் அவர்கள் தமக்குத் தாமே ஓர் அபராதம் விதித்துக்கொண்டார்கள். உண்மைக்கே சத்தியம் செய்தாலும் ஒரு திர்ஹம் ஸதகா. அதிலும் பழக்கம் அடங்கவில்லை போலும். பிறகு அதை ஒரு தீனாராக உயர்த்தினார்கள். வெள்ளிக் காசிலிருந்து பொற்காசுக்கு! எவ்வளவு பெரிய இமாமுக்கும் நாவை அடக்க இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது என்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆண்டு இலாபத்தைச் சேர்த்து ஆலிம்களுக்கும் மாணவர்களுக்கும் உடை, உணவு வாங்கிக் கொடுப்பார்கள். ஏழையான அபூயூசுஃப் அவர்களின் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

கோபத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவன் கடைத்தெருவிலிருந்து ஏசிக்கொண்டே இமாம் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தான். அவர்கள் பதில் பேசவில்லை. வீட்டு வாசலை அடைந்ததும் நின்று, இது என் வீடு, உள்ளே போகப்போகிறேன், மீதி ஏதும் இருந்தால் இங்கேயே சொல்லி முடித்துவிடு என்றார்களாம். அவன் வெட்கித் திரும்பினான்.

வெளியாரிடம் பொறுமை காட்டுவது ஒருவாறு எளிது. வீட்டில்தான் நமது கோபம் வெளிப்படும். இமாம் அவர்களின் தாயாருக்கு ஒரு மஸ்அலாவில் சந்தேகம் வந்தது. மகன் விளக்கம் சொன்னார்கள். தாயார் ஏற்கவில்லை, ஸுர்ஆ என்ற கதைசொல்லிப் பிரசங்கியார் சொன்னால்தான் ஒப்புவேன் என்றார்கள். ஊரே ஃபத்வா கேட்டு வரும் இமாம், தாயாரை அழைத்துக்கொண்டு அந்தப் பிரசங்கியாரின் வீட்டுக்குப் போனார்கள். அவரோ திகைத்துப் போனார். சட்டத்தை இமாம் அவர்களே அவருக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் அதை அம்மாவுக்குத் திருப்பிச் சொல்ல, அம்மா திருப்தியோடு வீடு திரும்பினார்கள். இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

பக்கத்து வீட்டில் செருப்புத் தைக்கும் வாலிபர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் குடித்துப் பாடுவார். தம்மை எல்லோரும் கைவிட்டார்கள் என்பதே பாட்டு. அந்தச் சப்தத்தில்தான் இமாம் அவர்களின் இரவுத் தொழுகை நடந்தது. ஓரிரவு பாட்டைக் காணோம். விசாரித்தால் காவலர் பிடித்துச் சென்றுவிட்டனர் என்றார்கள். காலையில் இமாம் அவர்களே அமீரிடம் சென்று பரிந்து பேசினார்கள். அவரோடு அன்று பிடிபட்ட மற்றவர்களையும் அமீர் விடுவித்தார். திரும்பும் வழியில், நாங்கள் உன்னைக் கைவிட்டோமா என்று மட்டும் கேட்டார்கள். அவர் குடியை விட்டார்.

மற்றொரு சம்பவம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே நடந்தது போலிருக்கிறது. மஜூஸி ஒருவர் தர வேண்டிய கடனைக் கேட்க இமாம் அவர்கள் போனார்கள். வாசலில் காலணியில் ஒட்டியிருந்த அசுத்தத்தை உதறியபோது அது தெறித்து அவர் வீட்டுச் சுவரில் பட்டது. அப்படியே விட்டால் சுவர் அசிங்கம். சுரண்டினால் சுவரின் மண் உதிரும். கடனைக் கேட்க வந்தவர்கள் கடன்காரரிடம் மன்னிப்புக் கேட்டு நின்றார்கள். அந்த மனிதர் மனம் நெகிழ்ந்து இஸ்லாத்தைத் தழுவினார்.

சுவரில் தெறித்தது இவ்வளவு. நமது ஷாப்புகளின் கழிவுநீர் அயலார் கிணற்றில் கலந்தது எவ்வளவு? 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதென்ற ஆய்வைக் குறிப்பிட்டது. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பிழைப்புக்கு வழியில்லாத ஏழைத் தொழிலாளரை முன்னிறுத்தி நாம் சொல்லும் சமாதானத்தில் உண்மையும் உண்டு. எனினும் நிலத்தை இழந்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர் எத்தனை பேர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இமாம் அவர்களின் கடைசிக் காலம் துன்பமானது. உமையாக்களின் கவர்னர் இப்னு ஹுபைரா பதவி ஏற்கச் சொன்னான். மறுத்ததற்காகக் கசையடி கொடுத்தான். தேகத்து வேதனையைவிடத் தாயாரின் துயரமே தம்மை அதிகம் வருத்தியதாக அவர்கள் கூறினார்கள். பின்னர் அப்பாஸியக் கலீஃபா மன்சூர் காஜி பதவி ஏற்கும்படி வற்புறுத்தினார். அதையும் மறுக்கவே பக்தாதில் சிறை. ஹிஜ்ரி 150-ல், கி.பி. 767-ல், அங்கேயே வபாத்தானார்கள். கூட்டம் தாளாமல் ஜனாஸாத் தொழுகை ஆறுமுறை நடத்தப்பட்டது என்பர்.

தம்மை எங்கே அடக்க வேண்டும் என்றும் அவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பிறரிடமிருந்து பலவந்தமாகப் பறித்த நிலத்தில் அடக்கக்கூடாது. அந்தக் கறை படியாத கைஸுரான் மைதானத்திலேயே அடக்கவேண்டும் என்பது அவர்களின் வஸிய்யத். இதைக் கேள்விப்பட்ட மன்சூர், உயிரோடிருந்தபோதும் இறந்த பின்னும் இவரிடமிருந்து எனக்கு விடுதலை இல்லையே என்று சொல்லிக்கொண்டாராம்.