சுருளி மலையில் வைத்தியம் கற்ற இசை மேதை: மருந்து வித்த காசை இசைக்கு கொட்டினார்

கம்பம் பக்கம் சுருளி அருவிக்கு குளிக்கப் போறவங்க பலருக்கு இது தெரியாது. தமிழ் இசை ஆராய்ச்சியின் முன்னோடி ஆபிரகாம் பண்டிதர் வைத்தியம் கற்றது இந்த மலையில்தான்.

தென்காசி அருகே சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சி படிக்கும்போதே இசையும் கற்றார். சுருளி மலை ஏறியவருக்கு கருணானந்த முனிவர் மூலிகை ரகசியங்களை சொல்லிக் கொடுத்தார்.

பிறகு தஞ்சாவூரில் மனைவியும் அவரும் பள்ளி ஆசிரியர்கள். 1890-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். மருந்து நல்லா ஓடியது. கையில் காசு சேர்ந்தது.

அந்தக் காசில்தான் 1912 முதல் வித்வான்களை தஞ்சைக்கு வரவழைத்து இசை மாநாடுகள் நடத்தினார்.

ஒரு ஸ்தாயிக்கு சுருதி 22 என்று பலரும் சொல்லி வந்தனர். சிலப்பதிகாரத்தை ஆராய்ந்த பண்டிதரோ 24 என்றார். ஏட்டில் எழுதினால் மட்டும் போதுமா? காதால் கேட்டால்தானே நம்புவார்கள்! 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தன் மகள்களை வீணை வாசித்துக் காட்ட வைத்தார்.

மாணவர்கள் பாடிப் பழக தமிழிலேயே 96 பாட்டுகளும் இயற்றினார்.

1917-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் 'கருணாமிர்த சாகரம்' நூலை வெளியிட்டார். இரண்டே வருடத்தில், 1919-ல் காலமானார்.

சுருதி கணக்கு சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஆராய்ச்சி வேறு, பாட்டு வேறு இல்லை என்று வாசித்தே காட்டியவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.